புடாபெஸ்ட் அருகே காட்டில் ஒரு நாள்: எந்த மலையைத் தேர்வது?

புடாபெஸ்டில் நான்கு நாள் தங்குகிறவர் மூன்று நாளை நகரத்துக்குக் கொடுத்துவிட்டு, நான்காவது நாளைக் காட்டுக்கு ஒதுக்க எண்ணினால், எந்த மலைக்குப் போவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். ஹங்கேரி என்றால் சமவெளி என்று மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தத் தலைநகரின் மேற்கு விளிம்பிலேயே ஓக் காடு தொடங்கிவிடுகிறது. டான்யூப் ஆற்றை ஒட்டி வடக்கே போனால் மலைத்தொடர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நகர எல்லைக்குள்ளேயே புடா குன்றுகள், அவற்றுக்கு வடமேற்கே பிலிஷ் மலை, பிலிஷுக்கும் ஆற்றுக்கும் இடையில் விஷெகிராட் மலை, ஆற்றின் அக்கரையில் பெர்ஷென் மலை என்று நான்கு இடங்கள் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்குகின்றன. நடுவில் உள்ள இரண்டையும் சேர்த்து ‘பிலிஷ்’ என்று சொல்லிவிடுவது உள்ளூர்ப் பேச்சு வழக்கு. அந்த வழக்கை அறியாமல் முதல் முறை போகிறவர், ஒரு மலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு மலையில் போய் இறங்க நேரிடுகிறது.

பலர் உயரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பெர்ஷெனின் சோவான்யோஷ் சிகரம் 938 மீட்டர், பிலிஷ் சிகரம் 756 மீட்டர், விஷெகிராட் மலையின் டொபொகோக்கே 699 மீட்டர், புடா குன்றுகளில் மக்கள் அதிகம் ஏறும் யானோஷ் மலை 527 மீட்டர் என்று எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் முடிவு எளிதாகத் தோன்றும். ஆனால் இந்த எண்கள் ஒரு நாள் நடையின் தன்மையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. நான் இரண்டு கேள்விகளைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். காலடியில் என்ன பாறை இருக்கிறது என்பது ஒன்று. மாலையில் எந்த வழியாகத் திரும்புவது என்பது மற்றொன்று.

பாறையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புடா குன்றுகளும் பிலிஷும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையாலும் அதை ஒத்த டாலமைட் பாறையாலும் ஆனவை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பழங்கடலின் அடியில் படிந்த படிவுகள் அவை. இத்தகைய நிலத்தில் மழைநீர் மேலே தங்காமல் விரிசல்கள் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் குகைகள் ஏராளம், ஓடைகள் குறைவு. முகடுகளில் வெள்ளைப் பாறை துருத்திக்கொண்டிருக்கும், வெயில் விழும் தெற்குச் சரிவுகளில் மரம் குறைந்து புல்வெளி விரிந்திருக்கும். விஷெகிராட் மலையும் பெர்ஷெனும் எரிமலைகள் உமிழ்ந்த ஆண்டிசைட் பாறையால் ஆனவை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுப் பழமை உடையவை. அங்கே நீர் மேற்பரப்பிலேயே ஓடி, பாறையை அறுத்து, இருண்ட பள்ளங்களையும் சிற்றருவிகளையும் உண்டாக்கியிருக்கிறது. பிறப்பால் ஒன்றான இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில்தான் டான்யூப் வளைந்து ஓடுகிறது. ஆகவே நீரின் சத்தம் கேட்டுக்கொண்டே நடக்க விரும்புகிறவருக்குப் பிலிஷ் ஏமாற்றமாக இருக்கும். குகை பார்க்க விரும்புகிறவர் பெர்ஷெனுக்குப் போவது வீண்.

திரும்பும் வழி பற்றிய கேள்வி இன்னும் நடைமுறை சார்ந்தது. காரில் போகிறவர் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை; ஓர் ஊரில் ஏறத் தொடங்கி, மலையைக் கடந்து, வேறோர் ஊரில் இறங்கி, அங்கிருந்து வேறு ரயிலைப் பிடிக்கலாம். இந்தப் பகுதியின் சிறந்த நடைகள் எல்லாம் அப்படிப்பட்டவையே என்பதால், காரை வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். விடுமுறை நாளில் டொபொகோக்கேயின் வாகன நிறுத்தத்தில் இடம் தேடும் நேரத்தில் காட்டுக்குள் ஒரு நல்ல தூரம் நடந்துவிடலாம்.

நான்கு மலைகளையும் ஒரே கோடாக இணைக்கும் பாதை ஒன்று இருக்கிறது. ‘கேக்டூரா’ என்று ஹங்கேரியர் அழைக்கும் தேசிய நீலத்தடம் 1938-இல் தொடங்கப்பட்டது. மேற்கு எல்லையிலிருந்து வடகிழக்கு மூலை வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தடம், பிலிஷின் மேற்குப் பகுதியைத் தொட்டுவிட்டுப் புடாபெஸ்டின் ஹூவெஷ்வெல்ஜ் வரை இறங்கி, மறுபடியும் வடக்கே ஏறி, டொபொகோக்கே வழியாக விஷெகிராட் சென்று, படகில் ஆற்றைக் கடந்து, நாஜ்மரோஷ் ஊரிலிருந்து பெர்ஷெனுக்குள் நுழைகிறது. மரங்களில் வெள்ளைப் பட்டையின் நடுவே நீலக் கோடு தீட்டியிருந்தால் நீங்கள் அந்தத் தடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் மற்ற தடங்களைக் குறிக்கும். கோட்டுக்குப் பதிலாக முக்கோணம் இருந்தால் அந்தக் கிளை சிகரத்துக்குப் போகிறது. வட்டம் இருந்தால் ஊற்றுக்குப் போகிறது. ஹங்கேரிய மொழி ஒரு சொல்லும் தெரியாதவர்கூட இந்தக் குறிகளைக் கொண்டு தடுமாறாமல் நடந்துவிடலாம்.

புடா குன்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே தேர்வுக்குரிய சிக்கல் எதுவும் இல்லை. நேரம் அரை நாள்தான் இருக்கிறது, அல்லது கூட வருகிறவர்களில் சிறு குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்கள் என்றால் இதுவே சரியான இடம். 1874-இல் ஓடத் தொடங்கிய பற்சக்கர ரயில் இன்றும் நகரப் போக்குவரத்தின் ஒரு பகுதியாக இயங்கி, வாரோஷ்மயோரிலிருந்து சேச்செனி மலைக்கு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து 11.2 கிலோமீட்டர் தூரம் காட்டுக்குள் ஓடும் குறுகிய பாதை ரயிலில் பயணச்சீட்டு கொடுப்பதும் கொடி காட்டுவதும் பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகள். எஞ்சினை ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். 1948-இல் முதல் பகுதி திறக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் ரயில் ஹூவெஷ்வெல்ஜில் முடிகிறது. நடுவில் இறங்கி யானோஷ் மலையின் எர்ஷேபெட் கோபுரத்துக்கு ஏறலாம். ஃபிரிஜெஷ் ஷூலெக் வடிவமைத்து 1910-இல் திறக்கப்பட்ட அந்த வெண்கற்கோபுரத்திலிருந்து நகரம் முழுவதும் தெரியும். வடக்கே பிலிஷின் நீண்ட முதுகும் தெரியும். சுண்ணாம்பு நிலத்துக்குரிய பரிசாக, நகரின் வீடுகளுக்கு அடியிலேயே பால்வெல்ஜ், செம்லேஹெஜ் குகைகள் வழிகாட்டியுடன் பார்க்கத் திறந்திருக்கின்றன.

இத்தனை வசதி இருந்தும் நான் புடா குன்றுகளை முழு நாள் பயணத்துக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். வார இறுதியில் நார்மஃபா புல்வெளியில் நகரமே வந்து உட்கார்ந்திருக்கும். காடு நல்ல காடுதான். ஆனால் மரங்களுக்கு இடையே எப்போதும் ஒரு சாலை தெரிந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு விலக்கு உண்டு. தாவரங்களில் ஈடுபாடு உள்ளவர், புடா குன்றுகளின் வடமேற்கு ஓரத்தில் பிலிஷ்சென்டிவான் ஊருக்கு மேலே உள்ள சேனாஷ் குன்றுகளுக்கு மே, ஜூன் மாதங்களில் போக வேண்டும். டாலமைட் ஆளி என்ற மஞ்சள் பூச்செடி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அந்தச் சிறிய பாறைச் சரிவில் மட்டும்தான் வளர்கிறது. அதற்காகவே அந்த இடம் கடுமையாகப் பாதுகாக்கப்படுகிறது. குறித்த பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது.

அடுத்தது பிலிஷ். அர்பாட் வம்ச அரசர்கள் காலத்தில் இது அரசருக்குரிய வேட்டைக் காடு. தலைநகரங்களாக விளங்கிய எஸ்டர்கோமுக்கும் புடாவுக்கும் நடுவே இருந்ததால், இந்தக் காட்டின் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஏதோ ஒரு பழங்கட்டடத்தின் அடித்தளம் கிடக்கிறது. பிலிஷ்சென்ட்கெரெஸ்ட் ஊரில் மூன்றாம் பேலா 1184-இல் நிறுவிய சிஸ்டெர்சியக் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தின் எச்சங்கள் இருக்கின்றன. 1213-இல், கணவர் இரண்டாம் அந்திராஷ் போருக்குப் போயிருந்த நேரத்தில், பிரபுக்கள் சிலர் சதிசெய்து அரசி கெர்ட்ரூடை இந்தப் பிலிஷ் காட்டில் கொன்றார்கள். அவரது உடல் அந்த மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது. ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த கதை இது. 1526-இல் ஹங்கேரி தோற்ற மோஹாச் போருக்குப் பின் ஒட்டோமானியப் படைகள் மடத்தை அழித்துவிட்டன. இன்று தரையோடு தரையாகச் சில கற்களே மிஞ்சியிருக்கின்றன. அந்த ஊரில் வாழ்கிறவர்களில் பலர் பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஸ்லோவாக்கியரின் வழிவந்தவர்கள் என்பதை இருமொழிப் பெயர்ப்பலகைகள் காட்டும்.

பிலிஷ் சிகரத்தின் மேற்கு அடிவாரத்தில் உள்ள கிளாஸ்ட்ரோம்புஸ்டா வேறு வகையில் முக்கியமானது. எஸ்டர்கோம் பேராலயத்தில் பணியாற்றிய எவுசேபியுஸ் என்பவர் பதவியைத் துறந்து, இந்த மலைக் குகைகளில் சிதறி வாழ்ந்த துறவிகளை 1250-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றுதிரட்டினார். ஹங்கேரியில் பிறந்த ஒரே ஆண் துறவற சபையான பவுலீன் சபை அப்படித் தோன்றியது. போலந்தின் செஸ்டகோவா திருத்தலத்தை இன்றும் காத்துவருவது அந்தச் சபைதான். அதன் முதல் மடம் இருந்த இடமாக மரபு கிளாஸ்ட்ரோம்புஸ்டாவைக் காட்டுகிறது. இடிந்த சுவர்களுக்கு மேலே சரிவில் லெகேன், லெயான் என்ற இரு குகைகள் வாய்திறந்து நிற்கின்றன. இளைஞன், இளம்பெண் என்பது அப்பெயர்களின் பொருள். குகையும் துறவும் ஒரே இடத்தில் அமைந்தது தற்செயல் அல்ல. சுண்ணாம்புப் பாறை குகையைத் தந்தது. குகை துறவியை அழைத்தது.

சிகரத்தின் உச்சி பல ஆண்டுகள் ராணுவத்தின் ஏவுகணைத் தளமாக இருந்து பின்னர் கைவிடப்பட்ட இடம். இப்போது அங்கே எவுசேபியுஸ் பெயரிலேயே ஒரு பார்வைக் கோபுரம் நிற்கிறது. நாலாபுறமும் தெளிவான காட்சி கிடைக்கும். ஆனாலும் பிலிஷில் நடக்கிறவர் இரண்டு குறைகளை ஏற்றுக்கொண்டே நடக்க வேண்டும். முதலாவது, தண்ணீர் கிடைக்காது. கோடையில் ஒருவருக்கு இரண்டு லிட்டராவது சுமந்து போக வேண்டும். இரண்டாவது, வரலாறு தெரியாமல் போகிறவருக்கு அந்தக் கற்குவியல்கள் வெறும் கற்குவியல்களாகவே இருக்கும். பார்ப்பதைவிட நினைத்துப் பார்ப்பதற்கே அதிகம் உள்ள மலை இது. முன்கூட்டியே படித்துவிட்டுப் போகிறவருக்கு நான்கில் மிக ஆழமான அனுபவத்தை இதுவே தரும் என்பேன்; முதல் முறை வருகிறவரை இங்கே அனுப்ப மாட்டேன். குழந்தைகளோடு பிலிஷைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. பிலிஷ்சென்ட்கெரெஸ்டை ஒட்டிய டேரா பள்ளத்தாக்கில், சுண்ணாம்புச் சுவர்களுக்கு இடையில் ஒரு நீரோடை ஓடுகிறது. சிறு பாலங்களும் எளிய பாதையும் உண்டு.

பிலிஷ்சென்ட்கெரெஸ்டுக்கு மேலே உள்ள ‘இரு பீச் மரக் கணவாய்’தான் இரண்டு மலைகளையும் பிரிக்கும் இடம். அதற்கு வடக்கே காலடியில் பாறை மாறுகிறது, மண் கறுக்கிறது, பீச் மரங்கள் நெருங்கி நிற்கின்றன. விஷெகிராட் மலைக்கு வந்துவிட்டோம். இதன் உச்சிதான் டொபொகோக்கே. ஹேவ் என்ற புறநகர் ரயிலில் புடாபெஸ்டின் பத்தியானி சதுக்கத்திலிருந்து போமாஸ் ஊர் வரை வந்தால், அங்கிருந்து பேருந்து நேராக உச்சிக்கே ஏற்றிவிடும் என்பதால், ஏறாமலே மலையுச்சியில் நிற்க விரும்புகிறவர்களுக்கும் இது வசதியான இடம். ஹேவ் பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நகரப் பயணச்சீட்டு நகர எல்லை வரைதான் செல்லும், அதற்கு அப்பால் கூடுதல் சீட்டு எடுக்க வேண்டும்.

டொபொகோக்கே என்ற பெயருக்கு ‘அதிரும் கல்’ என்று பொருள் கொள்ளலாம். பூமியின் இதயச் சக்கரம் இங்கேதான் துடிக்கிறது என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பாறையில் உட்கார்ந்து தியானம் செய்துகொண்டிருப்பதை எந்த நாளிலும் பார்க்கலாம். மலைநடையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இது வேறொரு காரணத்தால் மதிப்புக்குரியது. ஹங்கேரிய மலைநடையாளர் சங்கத்தார் 1898-இல் இங்கே கட்டிய மரவீடும், அதன் அருகில் 1906-இல் எழுந்த கல்வீடும் இன்றும் இருக்கின்றன. மரவீட்டில் மலைநடை வரலாற்றுக்கான சிறு அருங்காட்சியகம் உள்ளது. கல்வீடு இயற்பியலாளர் எட்வெஷ் லோராண்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புவியீர்ப்பு விசையின் நுண்ணிய வேறுபாடுகளை அளக்கும் முறுக்குத் தராசை உருவாக்கிப் புகழ்பெற்ற அவர், மலையேற்றத்திலும் அதே அளவு ஈடுபாடு கொண்டிருந்தார்.

ஆனால் டொபொகோக்கேயில் இறங்கி, காட்சியைப் பார்த்து, சூப் குடித்து, அதே பேருந்தில் திரும்பிவிடுவது இந்த மலையை வீணாக்குவதற்குச் சமம். இந்த மலையின் செல்வம் உச்சிக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட வடக்குச் சரிவில்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் உள்ள டெமெஷ் ஊரிலிருந்து ஏறும் ராம் பிளவு என்ற குறுகிய பள்ளத்தில் நீர் படிப்படியாக விழுகிறது. இருபுறமும் செங்குத்தான ஆண்டிசைட் சுவர்கள். நடுவில் இரும்பு ஏணிகளும் சங்கிலிக் கைப்பிடிகளும் பொருத்தியிருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தில் கீழிருந்து மேலே மட்டுமே போக வேண்டும். எதிரே இறங்கி வருகிறவருக்கு ஒதுங்க இடமில்லை. இறங்குவதற்குப் பக்கத்திலேயே லுகாச் ஓடை வழி இருக்கிறது. புயலுக்குப் பின்னும், பாறை சரியும் அபாயம் உள்ள நாட்களிலும் பிளவை மூடிவிடுவார்கள் என்பதால், புறப்படும் முன் பிலிஷ் வனத்துறை நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் இதில் அழைத்துப் போக வேண்டாம்.

அதே டெமெஷிலிருந்து புறப்படும் இன்னொரு பாதையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வடாலோ என்ற எரிமலைப் பாறைத் தூண்கள் வரிசையாக நிற்கும் செங்குத்தான முகட்டின் வழியே ஏறி, பிரேடிகாலோசேக் என்ற 639 மீட்டர் உச்சியை அடையும் பாதை அது. ‘பிரசங்க பீடம்’ என்று அந்தப் பெயர் பொருள்படும். ஆற்று மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால் மூச்சு வாங்கும். ஆனால் உச்சியை அடைந்ததும் டான்யூப் ஆறு குதிரை லாடம்போல் வளைந்து காலடியில் கிடப்பதைப் பார்க்கிறவர் அந்த ஏற்றத்தை மறந்துவிடுவார். மேற்கிலிருந்து வரும் ஆறு பெர்ஷெனின் மலைமூக்கில் மோதித் திரும்பி, விஷெகிராடைச் சுற்றிக்கொண்டு, தெற்கே புடாபெஸ்ட்டை நோக்கிப் போகிறது.

அந்தக் காட்சி இன்று இப்படி இருப்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1977-இல் ஹங்கேரியும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவும் டான்யூபில் இரண்டு அணைகள் கட்ட ஒப்பந்தம் செய்துகொண்டன. அவற்றில் ஒன்று இந்த வளைவில், நாஜ்மரோஷில் எழுந்திருக்க வேண்டும். எண்பதுகளில் எழுந்த சுற்றுச்சூழல் இயக்கம் அன்றைய ஒற்றைக் கட்சி ஆட்சிக்கு எதிரான மக்கள் குரலாகவே வளர்ந்தது. 1989-இல் ஹங்கேரி அந்தப் பணியை நிறுத்தியது. வழக்கு திஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இரு நாடுகளும் தத்தம் கடமையிலிருந்து தவறியதாக 1997-இல் தீர்ப்பு வந்தது. அணை எழவில்லை. ஆறு தன் போக்கில் ஓடுகிறது. பிரேடிகாலோசேக் உச்சியில் நிற்கும்போது, எதிரே தடுப்புச் சுவர் இல்லாத அந்த நீர்ப்பரப்பைப் பலர் போராடிக் காத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விஷெகிராட் ஊரும் இதே மலையின் பங்குதான். 1241-42 மங்கோலியப் படையெடுப்பு நாட்டைச் சிதைத்த பிறகு நான்காம் பேலாவும் அரசி மரியாவும் கட்டுவித்த கோட்டை குன்றின் மேல் நிற்கிறது. 1335-இல் ஹங்கேரி, பொஹீமியா, போலந்து நாட்டு அரசர்கள் மூவர் இங்கே கூடிப் பேசினார்கள். 1991-இல் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து நாடுகளின் தலைவர்கள் தங்கள் கூட்டமைப்பை இந்த ஊரில் தொடங்கி, ஊரின் பெயரையே அதற்கு வைத்ததற்கு அந்தப் பழைய சந்திப்புதான் காரணம். ஆற்றங்கரையில் இருந்த மாத்தியாஷ் அரசரின் அரண்மனை நூற்றாண்டுகளாக மண்ணில் மறைந்து, அப்படி ஒன்று இருந்ததா என்றே சந்தேகிக்கப்பட்டு, 1934-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்த யானோஷ் ஷூலெக், யானோஷ் மலைக் கோபுரத்தை வடிவமைத்த ஃபிரிஜெஷ் ஷூலெக்கின் மகன்.

பெர்ஷென் வேறு உலகம். நியுகாட்டி ரயில் நிலையத்திலிருந்து ஆற்றின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கிஷ்மரோஷில் இறக்கிவிடும். அங்கே நிற்கும் சிறிய காட்டு ரயில் கிராய்ரேட் வரை போகும். மரம் சுமக்கப் போடப்பட்ட பாதையில் இப்போது நடையாளர்கள் போகிறார்கள். கிராய்ரேட்டிலிருந்து ‘பெருங்குளிர் மலை’ என்று பொருள்படும் 864 மீட்டர் நாஜ் ஹிடெக் ஹெஜுக்கு ஏறி, அங்குள்ள நடையாளர் விடுதியில் இளைப்பாறி, முகட்டோடு சோவான்யோஷ் வரை போய்த் திரும்பினால் முழு நாளும் சரியாக இருக்கும். வழியில் சாலை இல்லை, ஊர் இல்லை. மழைக்குப் பின் ஈரப் பாதையில் கறுப்பும் மஞ்சளுமாய் நெருப்புச் சாலமாண்டர்கள் ஊர்ந்து போகும். தனிமையைத் தேடுகிறவருக்கு இதைவிடச் சிறந்த இடம் தலைநகருக்கு அருகில் இல்லை. ஆயினும் காட்டு ரயிலின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதாலும், ஏறக்குறைய எழுநூறு மீட்டர் ஏற்றம் இருப்பதாலும், காலையில் தாமதமாக எழுகிறவர் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், முதல் நாள் விஷெகிராட் மலையும் இரண்டாம் நாள் பெர்ஷெனுமாகப் பிரித்துக்கொள்வதே முறை.

நாட்டின் மிக உயர்ந்த இடமான 1,014 மீட்டர் கேகேஷ் சிகரத்தைப் பார்க்க மாட்ரா மலைக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே போய் வருவதிலேயே நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும். சிகரம் வரை சாலையும் அதன் மேல் தொலைக்காட்சிக் கோபுரமும் இருக்கின்றன. ஒரு நாள் மட்டும் உள்ளவருக்கு அது வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். ஏப்ரலில் பீச் மரங்கள் தளிர்ப்பதற்கு முன் தரை முழுவதும் ‘கரடி வெங்காயம்’ என்று ஹங்கேரியர் அழைக்கும் காட்டுப் பூண்டு பச்சைக் கம்பளமாக விரிந்து, காடே பூண்டு மணக்கும். அதன் இலையைப் பறித்துச் சமைக்க ஆசைப்பட வேண்டாம், ஏனெனில் நச்சுத்தன்மையுள்ள வேறொரு செடியின் இலையும் அதேபோலத் தோன்றும். கோடையில் பிலிஷ் முகடு காய்ந்துவிடும், ராம் பிளவு குளிர்ந்திருக்கும். செப்டம்பரில் செம்மான்களின் இணைசேரும் காலத்தில் ஆண் மான்களின் முழக்கம் மாலையில் பள்ளத்தாக்குகளை நிரப்பும். அந்த வாரங்களில் சில பகுதிகளில் மாலை முதல் காலை வரை நுழைவு தடைசெய்யப்படும். அக்டோபர் இறுதி பெர்ஷெனுக்கும் விஷெகிராட் மலைக்கும் மிகச் சிறந்த காலம். டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால் புடா குன்றுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2014 டிசம்பரில் உறைமழை இந்த மலைகள் அனைத்திலும் மரங்களை முறித்துப்போட்டுப் பாதைகளை நீண்ட காலம் மூடவைத்தது. அத்தகைய நாளுக்குப் பின் கிளைகள் விழும் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். மலை விடுதிகளில் கிடைக்கும் பீன்ஸ் சூப்பில் பெரும்பாலும் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். ரொட்டியில் தடவித் தருவதும் பல இடங்களில் பன்றிக் கொழுப்பே. புளிப்புக் கிரீமும் பாலாடைக்கட்டியும் தூவிய லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டியும், ஆப்பிளோ பாப்பி விதையோ வைத்துச் சுருட்டிய ரேடேஷும் தப்பித்துக்கொள்ள உதவும். எனினும் பையில் சொந்தச் சாப்பாடு இருப்பதே நிம்மதி. மார்ச் முதல் இலையுதிர் காலம் வரை புல்லிலும் புதரிலும் உண்ணிகள் இருக்கும். அவை லைம் நோயையும் மூளையழற்சி வைரஸையும் பரப்பக்கூடியவை என்பதால், நீளக் கால்சட்டை அணிந்து, இரவு குளிக்கும்போது உடல் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சிறு விஷயமாக நினைத்துவிட வேண்டாம்.

ஆக, நடக்கக்கூடிய உடல்நிலையோடு முதல் முறை வருகிறவருக்கு நான் சொல்வது விஷெகிராட் மலைதான். காலை ஹேவ் ரயிலில் சென்டென்ட்ரே, அங்கிருந்து ஆற்றங்கரைச் சாலைப் பேருந்தில் டெமெஷ், வடாலோ பாறைகள் வழியாகப் பிரேடிகாலோசேக், பிறகு முகட்டுக் காட்டின் வழியே மெல்லக் கிழக்கே இறங்கி விஷெகிராட், அங்கிருந்து படகில் நாஜ்மரோஷ், ரயிலில் நியுகாட்டி. முழங்காலுக்கு இதமாக வேண்டும் என்பவர், ஆனால் நீண்ட தூரம் சலிக்காமல் நடக்கக்கூடியவர், பேருந்தில் டொபொகோக்கே வரை போய், நீலத்தடத்தைப் பிடித்து, பிலிஷ்சென்ட்லாஸ்லோ கிராமம் வழியாக விஷெகிராடுக்கு இறங்கலாம்; அது இருபது கிலோமீட்டரைத் தாண்டும் நடை என்பதால் கோடையின் நீண்ட பகலில் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வழிகளிலும் பாறையும் ஆறும் கோட்டையும் ஒரே நாளில் கிடைக்கின்றன, வந்த பாதையில் திரும்ப வேண்டியதும் இல்லை.

கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளக் காலத்திலும் அடர்ந்த மூடுபனியிலும் படகு ஓடாது. அப்படியானால் விஷெகிராடில் ஆற்றைக் கடக்காமல், அதே கரையில் சென்டென்ட்ரேக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து ஹேவ் ரயிலில் நகருக்குத் திரும்பலாம்.